மற்றும் பலர்

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வாசலில் ஒரு பெயரைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்: அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி. சென்ற மாதம் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தபோது, அங்கே இளநீர் வெட்டிக் கொண்டிருந்தவரிடம், “இவர் யார், தெரியுமா?” என்று கேட்டு வைத்தேன். “நம்ம பக்கத்து மந்திரிங்க. ஏரோப்ளேன் விழுந்து போயிட்டாருங்க” என்றார். ஐம்பது வருஷத்துக்கு முந்திய சங்கதியை இவ்வளவேனும் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று மகிழ்ந்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் என் அம்மாயி கேட்ட கேள்விதான் காதில் ஒலித்துக் கொண்டிருந்தது.

1973-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி இரவு. சென்னையிலிருந்து டில்லிக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், புழுதியும் மழையும் கலந்து அடித்த வேளையில் பாலம் விமான நிலையத்தை நெருங்கியது. தாழ்ந்து வருகையில் மின்சாரக் கம்பிகளில் மோதி, விழுந்து தீப்பற்றிக் கொண்டது. அதில் இருந்தவர்கள் 65 பேர். மாண்டவர்கள் 48 பேர்.

மறுநாள் திருச்செங்கோட்டில், ரேடியோ இருந்த வீடுகளின் திண்ணைகள் ஜனங்களைக் கொள்ளவில்லை. குமாரமங்கலம் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் அல்லவா? டாக்டர் சுப்பராயனின் குமாரர், மத்திய சர்க்காரின் உருக்கு, சுரங்க மந்திரி. நிலக்கரிச் சுரங்கங்கள் தேசத்தின் உடைமையானது அதே மே மாதம் முதல் தேதிதான். முப்பது நாளில் மனிதர் போய்விட்டார். 1970-ல் அஸ்திவாரக் கல் நாட்டிய சேலம் உருக்காலை இன்னும் எழும்பாதிருந்த சமயம் அது. “இனி ஆலை வந்தாற்போலத்தான்” என்று பெரியவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

அம்மாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. பத்து வயதுப் பையனான என்னைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினாள். மந்திரி ஒன்று. பஞ்சாபில் 1967-ல் காங்கிரஸ் அல்லாத முதல் மந்திரிசபையை அமைத்த குர்னாம் சிங் இரண்டு. தொழிற்சங்கத் தலைவர் சதீஷ் லூம்பா மூன்று. கேரளத்தின் தேவகி கோபிதாஸ் நான்கு. கோயமுத்தூர்ப் பாராளுமன்ற அங்கத்தினர் பாலதண்டாயுதம் ஐந்து. (பாலதண்டாயுதம் ஆயுள் தண்டனைக் கைதியாகச் சிறையில் கிடந்தவர், அந்த அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதியவர். அவரால் காலியான ஸ்தானத்துக்கு 1974-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பார்வதி கிருஷ்ணன், மந்திரியின் சகோதரி! ஒரே இரவு அவருடைய அண்ணனைக் கொண்டுபோனது. அதே இரவு காலியாக்கிய நாற்காலியில் அவரே போய் உட்கார வேண்டியிருந்தது.)

ஐந்து விரலும் மடங்கியாயிற்று.

“அப்புறம், கண்ணு?”

“மற்றும் பலர்னு போட்டிருக்குது, அம்மாயி.”

“நாப்பத்தெட்டுன்னியே? மிச்சம் நாப்பத்து மூணும் ஆரு பெத்த பிள்ளைங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ்கள் ஓடிய நாளில், நாமக்கல் சந்தைக்குப் போன அப்புச்சி பஸ் கவிழ்ந்து இறந்து போனார். இறந்தவர்களில் ஒரு மிட்டாதாரும் இருந்தபடியால் பத்திரிகையில் செய்தி வந்தது. வாத்தியார் ஒருவர் அதைப் படித்துக் காட்டினாராம். “இதிலே என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறாருங்க?” என்று அம்மாயி கேட்டிருக்கிறாள். வாத்தியார் சற்றுத் தயங்கி, “மற்றும் ஐவர்” என்ற இடத்தின் மேல் விரலை வைத்தாராம். அப்பொழுது அம்மாயிக்கு இருபத்து நாலு வயது. கையில் இரண்டு குழந்தைகள்.

விமானத்தில் பயணம் செய்கிறவர்கள் கரி பஸ்ஸில் போகிறவர்களைப் போல் ஏழைகளல்ல என்பது வாஸ்தவம். ஆனால் பாலத்தில் விழுந்த அந்த விமானத்திலே உபசரிக்கிற வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் யார் வீட்டுக்கோ சம்பளம் அனுப்பியவர்கள்தாம்.

அம்மாயி காலமான பிறகு அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். மடிப்பில் கிழிந்த அந்தப் பழைய செய்தித் துண்டு, ஒரு சுங்கடிப் புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதனுடன் இன்னொரு துண்டு. மந்திரியின் படம் இருக்கும் என்று எண்ணி எடுத்தேன். படம் இல்லை. “மற்றும் பலர்” என்று முடிந்த மூன்று வரி மட்டும், கோணல்மாணலாகக் கத்தரித்திருந்தது. கத்தரித்துக் கொடுத்தவன் நான்தான். அதை மறந்தே போயிருந்தேன்.