ஸ்பிரிங் எங்கே சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. டிஸ்க் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் கடலோரம் குடியிருப்பவர்கள், பொறுமையாகப் படியுங்கள்.

என் மகள் மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரியில் இருக்கிறாள். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே கொஞ்சம் சவுக்கு மரங்கள்தான். நான் செங்கல்பட்டில். இரண்டு மாதமாகவே போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்பா, ஸ்கூட்டர் முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது. யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"டயர்ல காத்து கம்மியா இருக்கும்மா" என்றேன், வண்டியைப் பார்க்காமலே. மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் இதே பதில்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு இங்கே கிளம்பி வந்தாள். திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தக் குளத்துப் பக்கம் வரும்போது தீய்ந்த வாடை. வண்டியை ஓரம் கட்டி இறங்கியிருக்கிறாள். ஆறு வயதுப் பேத்தி, "அம்மா, இங்கேருந்துதான் நாத்தம் வருது" என்று முன்சக்கர டிஸ்கைத் தொட்டுவிட்டாள். ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம். வண்டியைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார்கள்.

குழந்தை விரலை நீட்டி, "தாத்தா, ரொம்ப சுட்டுச்சு" என்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் குட்டி யானை பிடித்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றுகூட வரவில்லை. பழைய மாணவர் ஒருவர் மெக்கானிக். அவருக்குப் போன் போட்டேன்.

"சார், முதல்ல ப்ளீடர் நிப்பிளை லேசா லூஸ் பண்ணுங்க. ஆயில் கொஞ்சம் வெளியே வந்து சக்கரம் சுத்திச்சுன்னா கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர்ல, இல்லைன்னா ஹோஸ்ல. அப்பவும் சுத்தலைன்னா காலிப்பர் இறுகிப்போச்சு."

லூஸ் செய்தேன். சக்கரம் அசையவில்லை.

காலிப்பரைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டன் பக்கத்துப் பேட் இரும்பு வரை தேய்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கப் பேடில் பாதி மிச்சம். பிஸ்டனைக் கட்டை விரலால் அழுத்தினேன். கல் மாதிரி நின்றது.

இதை வெளியே எடுப்பது எப்படி? கம்ப்ரஸர் காற்று வைத்துத் தள்ளலாமா என்று கேட்டேன். "ஐயோ சார், வேணாம். துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், விரல் போயிடும். ஹோஸைக் கழட்டாதீங்க. டிஸ்க் இருந்த இடத்துல ஒரு மரத்துண்டை வெச்சுட்டு, பிரேக் லீவரையே மெதுவா அமுக்குங்க" என்றார்.

இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! முப்பது வருடம் பாஸ்கல் விதி நடத்தியவன் நான். மூடிய கலத்தில் இருக்கும் திரவத்துக்குக் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். வெர்னியர் காலிப்பரால் பிரேக் காலிப்பரின் பிஸ்டனை அளந்தேன்: ஏறக்குறைய ஓர் அங்குலம். மாஸ்டர் சிலிண்டரில் பொறித்திருந்த அளவு அரை அங்குலம். விட்டம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு, விசையும் நான்கு மடங்கு. லீவரின் நெம்புவிசை தனி. திரவம் காற்றைப் போலச் சுருங்கி விரியாது. அதனால் பிஸ்டன் பாயாமல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து வந்தது. மேலே ஆயில் தீராமல் மகள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் 'பொளக்' என்று மரத்துண்டின் மேல் விழுந்தது.

பிஸ்டன் மேல் இருந்தது வெறும் கறை, துடைத்ததும் போனது. குரோம் பூச்சு உரிந்தோ குழி விழுந்தோ இருந்தால் பிஸ்டனையே மாற்ற வேண்டும். உண்மையான குற்றவாளி உள்ளே இருந்தான். ரப்பர் சீல் உட்காரும் பள்ளத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. உப்புக் காற்று பட்டு அலுமினியம் அரித்த பொடி அது. அலுமினியத்தைவிட அதற்கு இடம் அதிகம் தேவை. சீலுக்கு அடியில் சேர்ந்து சேர்ந்து, சீலைப் பிஸ்டனோடு நெரித்திருக்கிறது. கடற்கரைக் கோயில் கல்லுக்குள் ஏறிய உப்பைத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழ் அப்பி உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லையே விடாத உப்பு இந்த ஸ்கூட்டரையா விடப்போகிறது?

இரும்பு ஊசியால் சுரண்டினால் பள்ளத்தில் கீறல் விழும். தென்னை ஈர்க்குச்சியைச் சீவி, புது பிரேக் ஆயிலில் தோய்த்து, ஒரு மணி நேரம் சுரண்டி எடுத்தேன். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் இந்த ரப்பரில் படக்கூடாது, ஊதிவிடும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. பிஸ்டனை வெளியே தள்ளுவது ஆயில். லீவரை விட்டதும் அதைத் திருப்பி இழுப்பது யார்? காலிப்பருக்குள் தேடினேன். ஸ்பிரிங் இல்லை.

இருபது வருடங்களுக்கு முன், வகுப்பில் இதே கேள்வியை ஒரு மாணவன் கேட்டான். "டிஸ்க் பிரேக்ல ஸ்பிரிங் எங்கே சார்?" நான் கரும்பலகையில் வரைந்திருந்தது டிரம் பிரேக். அதில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு. "உள்ளே இருக்கும்டா, உட்காரு" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

பதில் என் உள்ளங்கையில் இருந்தது. சதுர வெட்டுள்ள அந்த ரப்பர் வளையம்தான். பிஸ்டன் முன்னால் போகும்போது சீல் அதைப் பிடித்தபடி கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. கூடவே பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்கிறது. அந்த மயிரிழைதான் சக்கரத்துக்கு விடுதலை.

புது சீல்களைப் புது ஆயிலில் நனைத்துப் பொருத்தினேன். பிஸ்டனை நேராக வைத்துக் கட்டை விரலால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. புது பேட்கள் போட்டேன். காலிப்பர் நகரும் பின்களுக்கு அதற்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ். டிஸ்கின் தடிமன், அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தது.

பிறகு காற்று எடுக்கும் வேலை. மகள் லீவரில், நான் கீழே நிப்பிளில். "அமுக்கு... அப்படியே பிடி... இரு, மூடிட்டேன்... இப்ப விடு." பழைய ஆயில் டிகாஷன் நிறத்தில் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு விதித்த அளவு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஓட்டும் முன் லீவர் கெட்டியாகும் வரை பலமுறை அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பிரேக் பிடிக்காது. நான் அதோடும் விடவில்லை. மெக்கானிக் மாணவர் வந்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, தெருவில் நாலு சுற்று ஓட்டி, "ஓகே சார்" என்ற பிறகுதான் மகளிடம் சாவியைக் கொடுத்தேன். வீட்டில் செய்து பாருங்கள். ஆனால் பிரேக் விஷயத்தில் தெரிந்தவர் சோதிக்காமல் சாலையில் இறங்காதீர்கள்.

பிடிக்காத பிரேக்கைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம். விடாத பிரேக்கும் அதே அளவு ஆபத்து. வண்டி இழுக்கவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால், போனிலேயே பதில் சொல்லாதீர்கள். போய் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

கொப்புளம் ஆறிவிட்டது. "தாத்தா, இப்ப சுடாதுல்ல?" என்று ஒரு முழ தூரத்தில் நின்று கேட்கிறாள் பேத்தி.

இருபது வருடத்துக்கு முன் என் வகுப்பில் எழுந்து நின்று கேட்ட தம்பி, இதை நீ படித்தால்: ஸ்பிரிங் கிடையாதுப்பா. ரப்பர் வளையம்தான். அன்று உன்னை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது.