கோல் இல்லாத வகுப்பு

நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியின் இசை அறை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, ஊதுவாயை மட்டும் உதட்டில் வைத்து 'ப்ர்ர்ர்' என்று ஊதிக்கொண்டிருந்தார்கள். நாராசம்தான். ஆனால் பித்தளை வாத்தியங்களுக்கு அரிச்சுவடி இதுதான். நாதம் பிறப்பது உதட்டின் அதிர்வில். குழாய் அதைத் திரட்டி, மெருகேற்றி வெளியே அனுப்புகிறது.

பேண்ட் ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். நியூயார்க்கிலிருந்து வந்திருந்த ஐவர் குழு வகுப்பு எடுத்தது. இரண்டு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. ஊர் ஊராகக் கச்சேரி செய்கிறவர்கள் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குகிறார்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், கடைசி நாள் மாலை ஊராருக்குக் கச்சேரி. ரெசிடென்சி என்ற இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பழக்கமானது. 1960-இல் தொடங்கிய அமெரிக்கன் பிராஸ் குவின்டெட், 1970 முதல் ஆஸ்பென் இசை விழாவிலும் 1987 முதல் ஜூலியார்ட் கலைப் பள்ளியிலும் இளம் கலைஞர்களை உருவாக்கிய குழு. இங்கே வந்தவர்கள் அவ்வளவு பெயர் பெற்றவர்கள் இல்லை. வேலை அதே வேலை.

முதல் பாடம் டியூபாக்காரருடையது. ஒரு காகிதத் துண்டைச் சுவரில் வைத்து, கையை எடுத்துவிட்டு, விழாமல் ஊதியே நிறுத்தச் சொன்னார். பலமாக ஊதிய பையன்களின் காகிதம் இரண்டே நொடியில் விழுந்தது. ஒல்லியான ஒரு பெண் சீராக ஊதினாள். அவளுடையது சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பள்ளிப் பிள்ளைகளின் டியூபாவை நேராக நீட்டினால் ஐந்தரை மீட்டர் வரும்; ட்ரம்பெட் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. அந்த நீளத்துக்கு மூச்சு போதுமா என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கும். அதற்கு அவர் சொன்ன உதாரணம் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் டியூபா வாசித்தவர். நுரையீரல் நோயால் மூச்சின் கொள்ளளவு குறைந்தவர். அவரிடம்தான் உலகெங்குமிருந்து வந்து மூச்சுப் பயிற்சி கற்றுப் போனார்கள்.

டிராம்போன் பக்கம் வேறு கவலை. அதன் ஸ்லைடில் ஏழு இடங்கள். கடைசி இடம் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாது. எட்டாத ஸ்வரத்துக்காக உடம்பைச் சாய்க்காதே, கை வளரட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போனார் டிராம்போன் கலைஞர்.

மதியத்துக்கு மேல்தான் வகுப்பு சூடு பிடித்தது. பேண்டிலிருந்து ஐந்து பிள்ளைகளைப் பொறுக்கி அரைவட்டமாக உட்காரவைத்தார்கள். "ஆரம்பிங்க" என்றார் முதல் ட்ரம்பெட் கலைஞர். யாரும் ஆரம்பிக்கவில்லை. ஐந்து ஜோடிக் கண்களும் பேண்ட் ஆசிரியரின் கையைப் பார்த்தன. கோல் அசைந்தால்தான் இவர்களுக்கு வாசிப்பு.

"அவரைப் பார்க்காதீங்க. உன் மூச்சு பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கணும்" என்று ட்ரம்பெட் சிறுமியிடம் சொன்னார். உள்ளே இழுக்கும் மூச்சிலேயே காலப்பிரமாணம் இருக்கிறது. வேகமான உருப்படிக்குச் சுருக்கென்று இழுக்க வேண்டும், நிதானமானதற்கு நீளமாக. எவ்வளவு மென்மையாகத் தொடங்கப் போகிறோம் என்பதும் அதில் தெரிந்துவிடும். முதலில் ஆளுக்கொரு நேரத்தில் விழுந்தார்கள். கண்ணை மூடச் சொன்னதும் சேர்ந்தே எழுந்தது ஒலி. அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சேர்ந்து தொடங்கியாயிற்று, சுருதி சேரவில்லை. ஸ்வரக்கூட்டின் நடு ஸ்வரம் ஹார்ன் பையனிடம் இருந்தது. மின்சாரச் சுருதிமானியில் அவன் முள் நட்ட நடுவில் நின்றது, ஆனாலும் காதில் ஏதோ உரசியது. ஹார்ன் கலைஞர் மானியை அணைத்துவிட்டு, வாத்தியத்தின் வாய்க்குள் இருந்த அவன் வலது கையை இம்மியளவு மூடச் சொன்னார். சுருதி சற்றே இறங்கியது. உரசல் நின்று ஐந்து ஒலிகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நூறு பங்காக்கினால், அவன் இறங்க வேண்டியது 14 பங்கு. டியூபா எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று கேட்டால்தான் தன் ஸ்வரம் எங்கே என்று அவனுக்குத் தெரியும்.

இடைவேளையில் அந்த ஹார்ன் கலைஞரோடு பேசினேன். பெரிய இசைக்குழுவில் ஒரு நாற்காலி காலியானால் நூறு பேருக்கு மேல் போட்டி. மற்றவர்களுக்குச் சுற்றுப்பயணம், ஈஸ்டர், கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவாலயங்கள், தனி வகுப்புகள் என்று பல கிளைகளில் வருமானம். பேசிக்கொண்டே வால்வுகளுக்கு எண்ணெய் விட்டார், குழாயில் தேங்கிய நீரை வடித்தார். காலையில் கொஞ்ச நேரம் ஊதி உதட்டைப் பதப்படுத்தாமல் எந்த வேலைக்கும் போவதில்லை என்றார். வாசித்த அளவுக்கு உதட்டுக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும். அவருக்கு உதடுதான் பிழைப்பு.

மாலைக் கச்சேரியில் விக்டர் எவால்ட் ஐவருக்காக எழுதிய முதல் குவின்டெட்டை வாசித்தார்கள். எவால்ட் தொழிலால் பீட்டர்ஸ்பர்க் கட்டடப் பொறியாளர், பேராசிரியர். இசை அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. அவர் எழுதியவற்றைப் பித்தளை ஐவர் குழுக்கள் இன்றும் வாசிக்கின்றன. மேடைக்கு முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் விரல்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் தொடங்குமுன் மூச்சு இழுக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஒரு வாரத்தில் யாருடைய வாசிப்பும் தலைகீழாக மாறிவிடாது. மாறியது, யாரைக் கேட்டு வாசிப்பது என்பது. குழு கிளம்பிய பிறகு, வாரம் ஒருநாள் பள்ளி தொடங்குமுன் அந்த ஐவரும் இசை அறையைத் தாங்களே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பேண்ட் ஆசிரியர் சொல்லிவிட்டார். "நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டேன். "கதவைத் திறந்துவிட்டு வெளியே நிற்பேன். உள்ளே போனால் மறுபடி என் கையைத்தான் பார்ப்பார்கள்" என்றார்.