ஜபேசனும் சாலியேரியும்

ஓர் இசைமேதையின் வாழ்க்கையைப் படமாக எடுக்க வருபவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. பாட்டு இருக்கிறது, பக்தி இருக்கிறது, வறுமையும் இருக்கிறது... வில்லன் எங்கே? கடைசியில் மேதைக்குப் பக்கத்தில் இருந்த யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார்.

1946-இல் வந்த 'தியாகய்யா' தெலுங்குப் படத்தையே எடுத்துக்கொள்வோம். நடிப்பு, இயக்கம், இசை மூன்றும் சித்தூர் வி. நாகய்யா. திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய தியாகராஜரை (1767-1847) நினைத்தால், பழைய ரசிகர்கள் பலருக்கு நாகய்யாவின் முகம்தான் வரும். அந்த அளவுக்கு உருகி நடித்திருப்பார். அந்தக் கதையில் மாட்டிக்கொண்டவர் அண்ணன் ஜபேசன். தம்பி பூஜை செய்யும் ராமர் விக்கிரகத்தைத் தூக்கிக் காவிரியில் எறிகிறவர்.

இது நாகய்யா கற்பனை செய்த கதை அல்ல. சீடர்கள் வழியாகவும் கதாகாலட்சேபம் வழியாகவும் வந்த பழைய கதைதான். ஆனால் காலட்சேபத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் ஓர் அண்ணனுக்கு, சினிமா ஒரு முகமும் குரலும் கொடுத்துவிடுகிறது. தன் தரப்பைச் சொல்ல ஜபேசன் எதையும் எழுதி வைக்கவில்லை. பாட்டு பாடியவர் தம்பி; நாம் எல்லோரும் தம்பி பக்கம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1984-இல் வந்து எட்டு ஆஸ்கர் வாங்கிய 'அமேடியஸ்' படத்தில், மொசார்ட்டைப் பார்த்துப் பொறாமையில் வெந்து அவர் சாவுக்கே வழிதேடுபவர் இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் அன்டோனியோ சாலியேரி (1750-1825). நிஜத்தில் சாலியேரி மொசார்ட்டைக் கொன்றதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. பீத்தோவன், ஷூபர்ட் ஆகியோருக்கு மட்டுமல்ல, மொசார்ட்டின் மகனுக்கும் அவர் ஆசிரியர்! இருவரும் சேர்ந்து 1785-இல் இசையமைத்த ஒரு பாட்டு, 2015-இல் பிராக் நகர அருங்காட்சியகத்தில் கிடைத்தது. என்ன பயன்? படம் பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கு அவர் பொறாமைக்காரர்தான்.

இப்போது திருத்தணிக்கு வருவோம். 'தியாகய்யா' வந்தபோது திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தியாகராஜரின் சமகாலத்தவரான முத்துசுவாமி தீட்சிதர் பாடத் தொடங்கியது இந்த மலையில்தான் என்பார்கள். காசியிலிருந்து திரும்பி இங்கே தியானத்தில் இருந்தாராம். ஒரு முதியவர் வந்து, "வாயைத் திற" என்று சொல்லிக் கற்கண்டு போட்டுவிட்டு மறைந்தாராம். உடனே மாயாமாளவகௌளையில் முதல் கீர்த்தனை. 'குருகுஹ' என்ற முத்திரையும் முருகன் பெயர்தான். எட்டு வேற்றுமைக்கும் ஒன்றாக எட்டுக் கீர்த்தனைகள்.

நல்ல காட்சி. ஆனால் வில்லன்? இந்த வீட்டில் தம்பிகளும் சரிப்பட்டு வரமாட்டார்கள். சின்னசுவாமி, பாலுசுவாமி இருவருமே இசைக்காரர்கள். பாலுசுவாமி மேல்நாட்டு வயலினைக் கற்று, கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். தீட்சிதர் 1835-இல் கண்ணை மூடியதும் அந்தத் தம்பி இருந்த எட்டயபுரத்தில்தான்.

பகை இல்லாமல் கதை நகராது என்பார்கள். நகராமல் என்ன? ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு ஒருவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதுகிறார், இன்னொருவர் அவர்களுடைய வாத்தியத்தையே கற்றுக்கொள்கிறார். ஒரே வீட்டில் இரண்டு சகோதரர்கள் புதிய சத்தம் ஒன்றைக் காதில் வாங்கும் கதை இது. இதற்கு யாரையும் கெட்டவராக்க வேண்டியதில்லை.

அதற்குத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சூரனோடு போர் முடிந்து முருகன் சினம் தணிந்த இடம் என்பதால், கந்தசஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை. அன்று புஷ்பாஞ்சலிதான். பூவைக் கொட்டியே விழா நிறைவாக முடிகிறது. தீட்சிதரைப் படமாக எடுக்க நினைப்பவர்கள் அன்றைக்கு ஒருமுறை மலையேறிப் பார்க்கலாம்.