பறக்க விடும் வித்தை

வேட்டை என்றாலே எனக்கு ஆகாது. ஆனால் பைரி போன்ற பறவைகளைப் பழக்கி வேட்டைக்கு விடுகிறார்களே, அந்தக் கலையை மட்டும் அப்படி ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

துப்பாக்கி எங்கும் ஓடிவிடாது. நாய்க்கு எஜமானிடம் பாசம் உண்டு. பைரிக்கோ யாரிடமும் பாசம் கிடையாது. கண்ணை மறைக்கத் தோல் குல்லாய், காலில் வார், அளந்து கொடுக்கும் இறைச்சி, கையில் ஏந்தியபடி கண்விழிக்கும் இரவுகள் - இவ்வளவும் சேர்ந்து அதற்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கையுறைமேல் உணவு உண்டு. முதலில் நீளக் கயிற்றில் கட்டிப் பறக்கவிடுவார்கள். பிறகு ஒருநாள் கயிற்றை அவிழ்த்துத்தானே ஆகவேண்டும்? அன்று அது திரும்பியும் வரலாம், வராமலும் போகலாம்.

இந்தப் பித்துக்கு அரசர்களும் தப்பவில்லை. இதைப் பற்றி லத்தீனில் பெரிய நூலே எழுதியவர் சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடரிக். 1248-இல் இத்தாலியில் பார்மா நகரை முற்றுகையிட்டிருந்தபோது பறவையோடு வேட்டைக்குப் போய்விட்டார். நகரத்தார் வெளியே பாய்ந்து அவருடைய பாசறையைக் கொளுத்திவிட்டார்கள்!

ஆனால் என்னைத் தொட்ட கதை வேறு. டி.டி.டி. மருந்தின் விஷம் இரையின் வழியாகப் பைரியின் உடலில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் கீழேயே நொறுங்கியது. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடுகட்டும் ஜோடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்போது கைகொடுத்தவர்கள் பறவை வேட்டைக்காரர்கள்தாம். அவர்களில் ஒருவரான டாம் கேட் என்ற பேராசிரியர், 1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பைரிகளை வளர்த்துப் பெருக்கும் வேலையைத் தொடங்கினார். 1972-இல் அந்த நாடு டி.டி.டி.யைப் பயிர்களுக்குத் தெளிப்பதைத் தடைசெய்தது.

வேட்டைக்காரர்களிடம் ஒரு பழைய முறை உண்டு. குஞ்சுகளை உயரமான இடத்தில் பெட்டியில் வைத்து, இரை போட்டு, சில வாரம் இஷ்டம்போல் பறக்கவிடுவார்கள். தாமாக வேட்டையாடத் தொடங்குமுன் பிடித்துக்கொள்வார்கள். அதே முறையைத்தான் இப்போதும் கையாண்டார்கள். கடைசிப் படியை மட்டும் விட்டுவிட்டார்கள், பிடிக்கவில்லை. 1999-இல் அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து அந்தப் பறவையின் பெயர் நீக்கப்பட்டது.

பிடிக்கக் கற்ற கைகளே விடவும் கற்றன. சென்ற ஆண்டு என் மகன் வெளியூருக்கு வேலைக்குப் புறப்பட்டபோது, பஸ் நகரும்வரை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடுவதுதான் கடினமான பாடம். பாசமே இல்லாத ஒரு பறவைக்காக அதைப் படித்தவர்களை எண்ணினால் எனக்கு வியப்பாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.