கத்துகின்ற எழுத்து

2003ஆம் ஆண்டு எங்கள் ஊர்ச் சந்தியிலிருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் டைப்செட்டிங் வேலை பார்த்தேன். போட்டோக் கொப்பி, லெமினேட்டிங், கலியாணக் கார்ட், மத்ரஸா நோட்டிஸ் எல்லாம் அங்கேதான். தமிழுக்குப் பாமினி. ஆங்கிலத் தலைப்பு எது வந்தாலும் என் கை தன்பாட்டில் 'இம்பெக்ட்' எழுத்துருவுக்குப் போய்விடும். கிரிக்கெட் சுற்றுப்போட்டி, டியூட்டரி விளம்பரம், மலிவு விற்பனை... கறுத்துத் தடித்து, தோளோடு தோள் முட்டி நிற்கும் அந்த எழுத்தைக் கண்டால் வாடிக்கையாளருக்கும் கொடுத்த காசு வீண்போகவில்லை என்ற திருப்தி.

அதன் பிறப்பைப் பிற்பாடுதான் வாசித்தறிந்தேன். ஜெஃப்ரி லீ என்ற ஆங்கிலேயர் வரைய, ஷெஃபீல்ட் நகரின் ஸ்டீவன்ஸன் பிளேக் வார்ப்பகம் 1965இல் ஈய எழுத்தாக வெளியிட்டது. ஈய அச்சுக்கு அது அந்திமக் காலம். ஓர் அளவுக்குள் எவ்வளவு மை கொள்ளுமோ அவ்வளவையும் அடக்கிவிடுவதே நோக்கம். அதற்காகச் சின்ன எழுத்துகளின் உடலைப் பெரிய எழுத்துகளின் உயரத்துக்குக் கிட்டவாகத் தூக்கிவிட்டார். மேலே நீளும் கொம்பும் கீழே தொங்கும் வாலும் குட்டை. எழுத்தின் வயிற்றுக்குள் வெள்ளை ஒரு கீற்று மாத்திரம். தூரத்துச் சுவரில் நின்றால் கம்பீரம்தான். அதே எழுத்தில் பத்துப் பொயின்டில் ஒரு பந்தி அடித்துப் பாருங்கள், கண் வலித்துவிடும். 1996இல் மைக்ரோசொப்ட் இணையத்துக்கென இலவசமாக வெளியிட்ட எழுத்துருக்களில் இதுவும் ஒன்று. வின்டோஸோடு சேர்ந்து எங்கள் சந்திவரை வந்துவிட்டது.

தமிழையும் இப்படி நெருக்கினால் என்ன என்று ஒருநாள் கொரல்ட்ரோவில் 'ணை'யைப் பக்கவாட்டில் அமுக்கினேன். நின்ற கோடுகள் மெலிந்து போயின. படுத்த கோடுகள் அப்படியே தடித்துக் கிடந்தன. நோயாளி மாதிரி ஓர் எழுத்து. லீ அமுக்கியவரல்லர், ஒடுக்கமாகவே வரைந்தவர் என்பது எனக்கு விளங்கியது அப்போதுதான்.

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு நானா வந்தார். உம்மா மௌத்து. கொழும்பில் தான் வேலை செய்யும் கந்தோருக்கு பெக்ஸ் அனுப்ப ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வேண்டும். அவசரத்தில் தலைப்பையும் உம்மாவின் பெயரையும் வழக்கம்போல இம்பெக்டில் போட்டு, தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எங்கட உம்மா சத்தம் போட்டுக் கதைக்காத மனிசி. இது கத்துற மாதிரி இரிக்கி."

கோபமே இல்லாத குரல். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதுவுமல்லாமல், அந்த பெக்ஸ் மெஷினில் போயிருந்தால் வயிறு அடைத்து, அந்தப் பெயர் ஒரு கறுப்புக் கட்டியாகத்தான் கொழும்பில் இறங்கியிருக்கும். டைம்ஸில், சின்னதாக, சுற்றிவர வெள்ளை விட்டு மாற்றிக் கொடுத்தேன். பெயரின் மேல் விரலை வைத்து ஒருமுறை வாசித்தார். தலையசைத்தார்.

காசு வாங்கவில்லை. அடுத்தநாள் காலையில் கிரிக்கெட் பொடியன்கள் வந்தார்கள். அவர்களுக்கு இம்பெக்ட்தான் போட்டேன்.