மக்கு என்பது வசையல்ல

புத்தி மந்தமானவரை 'மக்கு' என்கிறோம். வைக்கோல் உரமாவதையும் மக்குவது என்றே சொல்கிறோம். உண்மையில் மக்குவது மந்தபுத்திக்காரர் வேலையே அல்ல. விவசாயக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தபோதுதான் இது எனக்கு விளங்கியது.

கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது கௌதள்ளி. 1997 வரை மைசூர் மாவட்டம், பிறகு சாமராஜநகர் மாவட்டம். கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் வட்டாரம். கையேடு அங்குள்ள தமிழ் விவசாயிகளுக்கானது. மாடு தின்றது போக மிஞ்சும் மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்தாமல், பூஞ்சையைக் கொண்டு உரமாக்குவது எப்படி என்பதே விஷயம். பெயரிலேயே 'மக்கா' இருப்பதாலோ என்னவோ, அந்தத் தட்டை லேசில் மக்குவதில்லை.

அச்சுக்குப் போகுமுன் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு பெரியவர் உடனே நிறுத்தினார். "பூஞ்சை வந்தா மருந்து அடிக்கிறோம். நீங்க காசு கொடுத்து வாங்கிப் போடச் சொல்றீங்களே, சார்?"

நியாயமான கேள்வி. தாவரத்தை நிமிர்த்தி வைத்திருப்பதில் முக்கியமானவை இரண்டு. குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சரம் செல்லுலோஸ். அதைச் சுற்றிக் காரை பூசியது போன்றது லிக்னின். பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே கசியவிட்டு, உணவை அங்கேயே செரித்துப் பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு நொதி சரத்தை நடுவில் வெட்டும். இன்னொன்று முனையிலிருந்து இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றும். மூன்றாவது அந்த ஜோடியையும் பிரித்துச் சர்க்கரையாக்கும்.

இதில் பேர்பெற்ற பூஞ்சை உலகுக்கு அறிமுகமானதே விரோதியாகத்தான். இரண்டாம் உலகப் போரில், சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் நைந்து போயின. காரணமான பூஞ்சையை ராணுவ ஆய்வகம் பிடித்து வளர்த்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரால் 1977இல் அது டிரைக்கோடெர்மா ரீசி ஆனது. இன்று செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைத் தயாரிக்க அதன் வாரிசுகளே பெருமளவில் பயன்படுகின்றன. பானிபட்டில் 2022 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிடப்பட்டது. அங்கும் வைக்கோலைச் சர்க்கரையாக்குவது நொதிகள்தான்.

பெரியவருக்குச் சாலமன் தீவு எதற்கு? பொள்ளாச்சிப் பக்கம் குவியும் தென்னை நார்க்கழிவைப் பற்றிச் சொன்னேன். லிக்னின் மிகுந்த அந்தக் கழிவு 1 டன்னுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் வித்து, 5 கிலோ யூரியா என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அடுக்கடுக்காகப் பரப்பி ஈரம் காத்தால், ஓரிரு மாதத்தில் கறுத்து உரமாகிவிடும்.

"காளானா? அப்படிச் சொல்றதுதானே!" என்றார் பெரியவர்.

காளானும் பூஞ்சைதான், ஆனால் எல்லாப் பூஞ்சையும் காளானல்ல. ஆகவே சொல்லை மாற்றவில்லை. மூலத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை முதல் பக்கத்தில் சேர்த்தேன்: 'பயிரைக் கெடுக்கும் பூஞ்சை உண்டு; காளானைப்போல் மக்க வைக்கும் பூஞ்சையும் உண்டு.' மொழிபெயர்ப்பாளன் எல்லை தாண்டலாமா என்று கேட்பவர்கள் ஒரு வயல் எரியும் புகையில் நின்று பார்க்கட்டும். அந்தப் புகையோடு நிலத்துக்குச் சேரவேண்டிய தழைச்சத்தும் போகிறது.

பெரியவரின் அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் சொல் இல்லை. "கொளுத்த ஒரு தீக்குச்சி போதும். இதுக்குக் கூலி வேணும், தண்ணி வேணும். யார் கொடுப்பா?" கையேட்டிலும் பதில் இல்லை. எந்த மொழியிலும் அதை மொழிபெயர்ப்பாளன் எழுத முடியாது. ஆலைக்கு வைக்கோல் கேட்கும் சர்க்கார்தான் எழுதவேண்டும்.