அம்மா வாங்கிய பாண்

அம்மாவை லிஸ்பனுக்குக் கூட்டிக்கொண்டு போனதற்கு நான் எல்லோருக்கும் சொன்ன காரணம் வெயில். ஏப்ரல் மாத நெதர்லாந்து மழையில் அவர் யன்னலோரம் போர்த்துக்கொண்டு இருப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை என்றேன். அது பொய்யில்லை. விசா 90 நாள். அதில் 60 நாள் அப்படியே போய்விட்டிருந்தது. ஆனால் என் கணினிப் பைக்குள் இன்னொரு காரணமும் இருந்தது. யாழ்ப்பாணத்து நொத்தாரிசு எழுதி அனுப்பிய அற்றோணித் தத்துவப் பத்திரம். ஹேக்கில் உள்ள தூதரகத்தில் அம்மா அதில் ஒரு கையெழுத்து வைத்தால், கோண்டாவில் வீட்டை நான் இங்கிருந்தே விற்கலாம்.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பால் கொண்டுவரும்வரை மூன்று மணித்தியாலம் ஈரத் தரையில் கிடந்தார். செய்தி வந்தபோது நான் ஒரு நிறுவனத்தில் இருபது பேருக்கு முன்னால் நின்று திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். மிச்சத்தை எப்படிப் பேசி முடித்தேன் என்று தெரியாது. அன்றிரவே கணக்குப் போட்டேன். வீட்டை விற்றால் வெள்ளவத்தையில் சின்னம்மா இருக்கும் மாடிக் கட்டடத்திலேயே ஒரு வீடு வாங்கலாம். லிஃப்ற் உண்டு, காவலாளி உண்டு, வைத்தியசாலை பக்கம். தொலைபேசியில் எத்தனை தரம் சொன்னாலும் அம்மாவின் பதில் ஒன்றுதான்: "பாப்பம், தம்பி."

நேரே இருத்திக் கேட்டால் மறுக்கமாட்டார் என்று நினைத்தேன். அதற்குத்தான் லிஸ்பன்.

பயணத்தை என் தொழிலைப் போலவே திட்டமிட்டேன். எங்கே படிக்கட்டு, எங்கே இருக்கை, எங்கே கழிப்பறை என்று எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை. லிஸ்பன் மேடும் பள்ளமுமான நகரம். தெருவெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் பதித்து வழுவழுவென்று இருக்கும். அம்மாவின் முழங்காலை நினைத்து பைஷா பகுதியில் வீடு எடுத்தேன். 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அழிந்தபின் நேர் தெருக்களாகத் திரும்பக் கட்டப்பட்ட, சமதரையான பகுதி அது.

வீட்டுக்காரப் பெண்மணிக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஒவ்வொன்றாகக் கையால் காட்டிச் சொன்னார். சமையலறையைக் காட்டி, "குசீன்யா." யன்னலைத் திறந்து, "ஜனேலா." அம்மா இருக்கட்டும் என்று ஒன்றை இழுத்துப் போட்டு, "கதெய்ரா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, உவ என்ன எங்கடை பாஷை கதைக்கிறா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரின் கையில் இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் போகவில்லை. குசினி, கதிரை, யன்னல், மேசை, அலுமாரி, லேஞ்சி, பாண் எல்லாம் அப்படி வந்தவை. அடுத்த நாள் ஒரு செருப்புக் கடைப் பலகையை அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார்: "சப்பாத்தாரியா." பிறகு தெரு முழுக்க அதே வேலை. தமிழ்நாட்டார் சொல்லும் 'சாவி'கூட போர்த்துக்கேயச் சொல்தான் என்றேன். "நாங்கள் திறப்பு எண்டுதானே சொல்லுறம். அதை மட்டும் அவனிட்டை வாங்கேல்லைப் போல," என்றார் அம்மா.

நான் முதுகலைப் படிப்புக்கு டெல்ஃப்ட் போகிறேன் என்று சொன்னபோது, ஊரில் பாதிப் பேர் நெடுந்தீவுக்குப் போகிறேன் என்று நினைத்தார்கள். எங்கள் தீவுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அம்மா அந்தக் கதையை இருபது வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறார். லிஸ்பனிலும் சொன்னார். அவர் இவ்வளவு கதைத்து நான் கனநாள் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் பெலேமுக்குப் போனோம். அங்குள்ள மடாலயத் தேவாலயத்தில்தான் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லில் செதுக்கிய அந்த உருவத்தை நெடுநேரம் பார்த்தார். "இவன்தானோ நல்லூர்க் கோயிலை இடிச்சவன்?" என்று கேட்டார். இல்லை, அது பிறகு வந்தவர்கள் என்றேன். "எவனோ. கோயிலை இடிச்சிட்டுப் பாணைத் தந்திட்டுப் போயிருக்கிறாங்கள்."

ஆற்றங்கரையில் ஒரு இருக்கையில் அமர்ந்தோம். காற்று நன்றாக இருந்தது. இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினேன்.

"அம்மா, வீட்டைப் பற்றி…"

"உந்தப் பேப்பரை முந்தநாள் குளிசை எடுக்கேக்கை பையுக்குள்ளை கண்டனான்," என்றார். "இதுக்குத்தானே கூட்டிக்கொண்டு வந்தனீ?"

நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. திரும்பும்போது ராம் வண்டியில் நான் பிடிக்க நீட்டிய கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு எழும்பினேன். அம்மாவின் கட்டில் விரித்தபடி ஒழுங்காக இருந்தது. சப்பாத்து இல்லை. மேசையில் இருந்த திறப்பு இல்லை. கைத்தொலைபேசி மட்டும் இருந்தது.

இரவு மழை பெய்திருந்தது. கீழே ஓடினேன். ஈரக் கல்லில் எனக்கே இரண்டு தரம் கால் வழுக்கியது. இந்தத் தெரு, அந்தத் தெரு, சதுக்கம்வரை போய்வந்தேன். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருந்தது. கால் மணித்தியாலம் இருக்கும். மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், வாசலில் அம்மா ஒரு கையில் கடுதாசிப் பையோடு கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"இந்தத் திறப்பை எதிர்ப்பக்கம் திருப்ப வேணும்," என்றார்.

"எங்கை போனனீங்கள்?"

"பாண் வாங்க."

"எப்பிடிக் கேட்டனீங்கள்?"

"பாண் எண்டு கேட்டன். விரலிலை நாலு காட்டினன். தந்தாள். மிச்சக் காசும் எண்ணித் தந்தவள்."

பாண் சுடச்சுட இருந்தது. வெண்ணெய் பூசி, ஊரிலிருந்து கொண்டுவந்து போத்தலில் வைத்திருந்த சம்பலோடு சாப்பிட்டோம். அம்மாவே தொடங்கினார்.

"விழுந்தது ஒருநாள், தம்பி. மற்ற நாளெல்லாம் நான் எழும்பிப் படலையைத் திறந்து, பூ ஆஞ்சு, கடைக்குப் போட்டு வாறன். ஆர் வாறது போறது எண்டு எனக்குத் தெரியும். வெள்ளவத்தையிலை கீழை இறங்கிறதெண்டாலும் சின்னம்மாவைக் கேக்க வேணும். இஞ்சை உன்னைக் கேக்கிற மாதிரி."

"திருப்பி விழுந்தால்?"

"விழலாம்," என்றார். "படலைப் பூட்டை என்ரை கையாலை திறக்கேலாமப் போற அண்டைக்கு நானே உனக்குக் கையெழுத்து வைச்சுத் தருவன். அதுவரைக்கும் கேளாதை. அதை விட்டிட்டு, அந்தக் குளிக்கிற அறைக்கு ஒரு கைபிடி பூட்டித் தாவன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பழைய மென்பொருளை நிறுத்திப் புதியதற்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இதைத் தினமும் பாவிப்பவர் யார், அவரோடு பேசலாமா என்பது. கோண்டாவில் வீட்டுக்கு விலை கேட்டேன், வெள்ளவத்தை வீட்டுக்கு விலை கேட்டேன், நொத்தாரிசோடு பேசினேன். அந்த வீடு அம்மாவின் சீதனம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமையிலேயே சீதனம் பெண்ணின் சொத்து. அவர்கள் நாட்டில் இருபது வருடம் இருக்கும் எனக்கு அது நினைவில் வரவில்லை.

அம்மா மே மாதம் ஊருக்குப் போய்விட்டார். குளியலறையில் இரண்டு கைபிடி பூட்டியாயிற்று. வழுக்காத தரையும் போட்டாயிற்று. வீடு விற்கும் செலவில் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை. பத்திரம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது, கிழிக்கவில்லை.

ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். காலை ஆறு மணிக்குப் படலையைத் திறந்ததும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தரவேண்டும். இங்கே அப்போது இரவு இரண்டரை. தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தித்தான் வைக்கிறேன், ஆனாலும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சில நாள் அழைப்பு இரண்டு நாற்பதுக்கு வரும், சில நாள் மூன்றுக்கு. வரும்வரை இருட்டில் திரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.